வசதி உள்ள இடங்களில் மட்டும்

உறைகளின் மூலையில் கிடக்கிற சின்னச் சின்ன சமாச்சாரங்களை வரைவதுதான் என் உத்தியோகம். பூ, பழம், சிரிக்கிற பெண் எல்லாம் பெரிய ஆட்கள் வரைவார்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், இந்தப் பக்கம் கிழிக்கவும், வெயில் படாமல் வைக்கவும், இதெல்லாம் என் பங்கு. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற மூன்று அம்புகளும் என் பங்குதான். மறுசுழற்சிக் குறி.

துணி துவைக்கும் திரவத்தைப் புட்டிக்குப் பதிலாக உறையில் அடைத்து விற்கத் தொடங்கியபோது, அந்தக் குறியைப் போடச் சொன்னார் மேலாளர். அது இரண்டு பிளாஸ்டிக் தாள்களைச் சேர்த்து ஒட்டிய உறை. மேல்தாள் பளபளப்புக்கு, உள்தாள் ஒழுகாமல் இருப்பதற்கு. உள்தாள் உருகுகிற சூட்டில் மேல்தாள் சுருங்குமே தவிர உருகாது. பிரித்தெடுக்கவும் முடியாது. உறை செய்கிற ஆலையிலிருந்து வந்த குறிப்பிலேயே இது இருந்தது. இதை யார் சார் மறுசுழற்சி செய்வார்கள் என்று கேட்டேன்.

“எங்கயாவது செய்வாங்க. கீழ ஒரு வரி போட்டுடுங்க, வசதி உள்ள இடங்களில் மட்டும்னு.”

போட்டேன். எப்படிப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளம்பச்சையின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால்தான் படிக்க முடியும் என்கிற அளவில். அப்படிப் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

என் தங்கை வீட்டுக்காரர் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி விற்கிறவர். ஒரு தகரக் கொட்டகை, கழுவ இரண்டு தொட்டி, அரைக்க ஒரு இயந்திரம், உருக்கிக் கம்பி கம்பியாக இழுத்துக் குருணையாக நறுக்க இன்னொன்று. கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. அதில் தண்ணீர் இருக்கிறதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததெல்லாம் உறைகளைத்தான்.

எது வந்தாலும் அவர் லைட்டரால் ஓரத்தைக் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையை மோந்து பார்ப்பார். மெழுகு வாடை வந்தால் ஒரு குவியல், கருகின இனிப்பு வாடை வந்தால் இன்னொரு குவியல். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை தப்பியதில்லை. வியாபாரிகள் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதுச் செருப்பு வாங்கினாலும் ஓரத்தைக் கொளுத்திவிட்டுத்தான் காலில் மாட்டுவார் என்று தங்கை கேலி செய்வாள்.

வாளி செய்கிற ஆலைக்காரர் ஒருவர் அவருடைய குருணையைச் சோதித்துப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். தேறிவிட்டால் வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான், ஏனென்றால் பழைய வாடிக்கைகள் எல்லாம் புதுக் குருணைக்குப் போய்விட்டன. அந்தக் குருணைக்கு வேண்டிய பால் உறைதான் போதுமான அளவு கிடைக்கவில்லை. அப்போதுதான் தங்கைக்கு எங்கள் திரவ உறை கண்ணில் பட்டது. எல்லார் வீட்டிலும் இருந்தது. அம்புக்குறியும் இருந்தது. அதை வரைந்தது அவள் அண்ணன்.

நாலு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். எங்க அண்ணன் போட்ட குறி, பொய்யா இருக்குமா என்று பெருமையடித்துக்கொண்டு வாங்கினாள். அவளே என்னிடம் இதைச் சொன்னாள். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொஞ்சம்தானே சேரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. மாப்பிள்ளை அதில் ஒரே ஒரு உறையைக்கூடக் கொளுத்திப் பார்க்கவில்லை. மச்சான் கை பட்டதை நான் சந்தேகப்படுவதா என்று சிரித்தாராம்.

சோதனையன்று வாளிக்காரர் கண் முன்னாலேயே இயந்திரம் முக்கியது. வந்த கம்பியில் பரு பருவாகக் கட்டி. பிறகு கம்பியே வரவில்லை. வடிகட்டி வலையைக் கழற்றினால், உருகாத பளபளப்புத் துணுக்குகள் அடை அடையாக அப்பியிருந்தன. வாளிக்காரர் நல்ல மனுஷன். இன்னும் ஒன்பது நாள் கழித்து வருகிறேன், சரிபண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போனேன். உண்மையைச் சொல்வதற்குத்தான் போனேன், சத்தியமாக. மாப்பிள்ளை வலையை மடியில் வைத்துக் கம்பியால் நோண்டிக்கொண்டிருந்தார். தங்கை தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மச்சான், அந்த உறையில ஒண்ணும் கோளாறு இல்லையே?”

வாய் தானாகத் திறந்தது. “இல்ல மாப்பிள்ளை. ஈரம் இருந்திருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவர் தங்கை பக்கம் திரும்பினார். காயவைக்கிற ஒரு வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லையா என்றார். ஊர் ஊராகப் பெருமையடிக்கத் தெரிகிறது, ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தெரியவில்லையா என்றார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவள் என் முன்னால் திட்டு வாங்கின அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். என் முன்னால்! நான் அவள் கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த ஒரு வாரம் அவள் எப்படி உழைத்தாள் என்பதை ஃபோனில் கேட்டேன். அவளே சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. நாலு தெருவுக்கும் மறுபடி போய், உறையை வெட்டி விரித்து வெந்நீரில் கழுவச் சொன்னாளாம். வந்ததையெல்லாம் சலவைச் சோடா போட்டு மறுபடி அவளே கழுவினாளாம். ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாளாம். இந்தத் தடவை ஒரு சொட்டு ஈரம் இருந்தா என் பேரை மாத்திக்கிறேன் அண்ணா என்றாள். அப்போதும் நான் ஃபோனில் உண்மையைச் சொல்லவில்லை. நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். அலுவலகத்தில் அந்த வாரம் ஷாம்பு உறைக்கு அதே குறியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாவது நாள் போனேன். தங்கையின் விரல்களெல்லாம் சோடாவில் வெந்து தோல் உரிந்திருந்தன. காபி டம்ளரை உள்ளங்கையால்தான் பிடித்தாள். டம்ளரை வாங்காமல் கொட்டகைக்குள் போய், கொடியிலிருந்து ஒரு உறையை உருவி மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

“ஒரு தடவை கொளுத்திப் பாருங்க.”

என்னத்துக்கு என்று கேட்டுக்கொண்டே லைட்டரை எடுத்தார். ஓரம் பற்றியது. உள்தாள் சொட்டியது. மேல்தாள் கருகிச் சுருண்டு நின்றது. ஊதி அணைத்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியும் என்று தலையாட்டினேன். குறிக்குக் கீழே இருந்த வரியையும் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். படிக்க முடிந்ததா என்று தெரியவில்லை.

இந்த மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பால் உறையை மட்டும் போடலாமே, நாளைக்குக் கொஞ்சமாவது காட்டலாமே என்றேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் மூலையில் அடுக்கியிருந்த சாக்குகளைக் கைகாட்டினார். பதினான்கு சாக்கு. நேற்றே இரண்டையும் சேர்த்து அரைத்துக் கலந்துவிட்டார். ஒரு சாக்கில் கைவிட்டு அள்ளிக் காட்டினார். நகத்தளவு துணுக்குகள், பால் உறையும் எங்கள் உறையும். ஜென்மத்துக்கும் பொறுக்கிப் பிரிக்க முடியாது. மூன்று மாதமாகச் சேர்த்த பால் உறை அது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. ஃபோனை எடுத்து வாளிக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம், சரக்கு சரியில்லை என்றார். என் பெயரை எடுக்கவில்லை. ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம் வாசலைப் பார்த்தார். தங்கை அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவளை நான் திட்டிட்டேனே மச்சான்” என்றார்.

தங்கை உள்ளே வந்தாள். கொடியில் தொங்கினதையெல்லாம் அந்தப் புண் விரல்களால் ஒவ்வொன்றாகக் கிளிப் எடுத்து இறக்கினாள். மடித்தாள். அடுக்கினாள். ஒரு பெரிய பையில் போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

“எடுத்துட்டுப் போ அண்ணா. எங்கயாவது குடுத்துடு.”

பையைச் சுமந்துகொண்டு நாலு தெருவையும் தாண்டி வந்தேன். வாய்க்கால் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். போட மனம் வரவில்லை. இப்போது பை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆறு மாதமாகிறது. வாங்கிக்கொள்கிற இடம் எதையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.