ஜன்னலை மறைத்த அலமாரி

எங்கள் அலுவலகத்தில் எனக்குத் தபாலக்கா என்று பெயர். தண்ணீர் மோட்டார்களுக்கு உதிரி பாகங்கள் அனுப்புகிற கம்பெனி அது. ஒரு காலத்தில் அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொரு உறையும் என் கையைத் தாண்டித்தான் போகும். எடை போட்டு, முகவரி எழுதி, பசை தடவி, முத்திரை குத்தி அனுப்புவேன். விலைப்பட்டியல், பில், வாடிக்கையாளரைத் திட்டுகிற கடிதம், திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிற கடிதம் எல்லாம் அதில் அடக்கம். பிறகு எல்லாமே கம்ப்யூட்டரில் போக ஆரம்பித்தது. வேலை போய்விட்டது. பெயர் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதுதான் வினை. ஜன்னலோரம், ஒரு உயரமான இரும்பு அலமாரிக்குப் பின்னால் என் மேசை. எழுந்து நின்றால்தான் நான் இருப்பதே தெரியும். அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் ஸ்டாம்பைத் துடைப்பேன். ஸ்டேப்ளரில் பின் நிரப்புவேன். பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுவேன். காலடிச் சத்தம் கேட்டால் பத்திரிகைமேல் ஒரு ஃபைலை இழுத்து விடுவேன். கழிப்பறைக்குப் போனாலும் கையில் ஒரு காகிதத்தோடு விறுவிறுவென்றுதான் போவேன். காகிதத்தோடு நடக்கிற பெண்பிள்ளையை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

வீட்டில் இதைவிட மோசம். "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை" என்று நான் சொல்லிச் சொல்லி, என் வீட்டுக்காரர் காலைச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் பஸ் பணிமனையில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற மெக்கானிக். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுப்பார். வாங்கிக்கொள்ளக் கை கூசும். ஆனாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. காலையில் கணக்குப் பெண் ஒரு தாளைக் கொண்டுவருவாள். அன்று லாரியில் ஏறப்போகிற சாமான்களின் பட்டியல். என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும் அவளுக்கு.

"அக்கா, இத ஒரு தடவ பாத்துக் குடுங்களேன். உங்க கண்ணுக்குத் தப்பாது."

உச்சி குளிர்ந்துபோகும் எனக்கு. ஒவ்வொரு வரிக்கும் பச்சைப் பேனாவால் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஒருமுறை ஒரு வால்வின் எண்ணிக்கை தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். "நல்லவேளக்கா, மானத்தக் காப்பாத்துனீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தாள். அந்தக் கதையை வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். என் தம்பி வயது. வந்த சில நாட்களிலேயே என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த ஆபீஸப் பாத்தா எனக்கே உள்ள வரப் பிடிக்கல. ஆனா சுவர இடிக்க முடியாது, தரையப் பேத்தெடுக்க முடியாது. கட்டட ஓனர் ஒத்துக்க மாட்டார். இருக்கறத வெச்சே புதுசாத் தெரியணும். நீங்கதான் செய்யணும்."

"நானா சார்? எனக்கு இருக்கற வேலையில..." என்று இழுத்தேன்.

அவர் மேசையில் கிடந்த பென்சிலை நேராக்கி வைத்தார். "தெரியும் மேடம். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்குங்க."

நான் ஒதுக்கிக்கொண்டேன். எதிலிருந்து ஒதுக்கினேன் என்று கேட்காதீர்கள்.

தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, நன்றாகவே செய்தேன். டேப்பைப் பிடித்துக் கூடத்தை அளந்தேன். அட்டையில் மேசைகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, கட்டம் போட்ட தாளில் அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தேன். விற்பனைப் பிரிவில் ஒருவன் இருக்கிறான், மைக் என்று கூப்பிடுவோம். அவன் பேசினால் எதிர்முனைக்குப் போனே தேவையில்லை. அவனைத் துணி சோபா கிடக்கிற மூலைக்கு மாற்றினேன், பாதிச் சத்தத்தைச் சோபா குடித்துவிட்டது. கிழிந்த நாற்காலிகளுக்கு உறை தைக்கச் சொன்னேன். வாசலைப் பார்த்த சுவருக்கு மட்டும் இளம்பச்சை அடிக்க வைத்து, நடுவில் ஒரு படம் மாட்டினேன். பழைய காலண்டர்களைக் கழற்றி, தேவையில்லாத ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தோம். மேசைக்கடியில் குடல் சரிந்த மாதிரித் தொங்கிய வயர்களை எல்லாம் நானே குனிந்து கட்டினேன். என்னிடம் வந்து ஆளாளுக்கு, "அக்கா, என்னைய எங்க போடறீங்க?" என்று கேட்டார்கள். எத்தனை நாளாயிற்று, யாராவது என்னிடம் எதையாவது கேட்டு.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "என்னமோ இன்னிக்குத்தான் நெஜமாவே களைச்ச மாதிரி இருக்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கை கால் கழுவப் போய்விட்டேன்.

வரைபடத்தில் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். வெளிச்சத்தை மறைக்கிற அலமாரிகள் எல்லாவற்றையும் நடைபாதைச் சுவருக்குத் தள்ளியிருந்தேன், ஒன்றைத் தவிர. அது போய்விட்டால் நான் செய்கிறது, செய்யாதது எல்லாம் ஊருக்கே தெரிந்துவிடும். சாமான்கள் நகர்த்துகிற அன்று மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்த ஒண்ண மட்டும் ஏன் விட்டுட்டீங்க? ஜன்னல மறைக்கறதே அதுதானே."

"அது ரொம்பக் கனம் சார். உள்ள முழுக்கப் பழைய ஃபைலு. இழுத்தா தரை கீறிடும்."

வாய்க்கு வந்த பொய். மைக் சும்மா இருக்கக் கூடாதா? "பாத்துடலாம்க்கா" என்று போய்க் கதவைத் திறந்துவிட்டான். மேல் தட்டில் ஒரு கட்டு மஞ்சள் உறை. நடுத்தட்டில் வறண்டுபோன ஸ்டாம்ப் பேட். கீழ்த்தட்டில் என் பத்திரிகைகள், குறுக்கெழுத்துப் பக்கம் மடித்து மடித்து அடுக்கியபடி. வேறு ஒன்றுமில்லை. அவன் மெல்லக் கதவைச் சாத்தினான். மைக் எதையாவது மெல்லச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆமாக்கா, கனம்தான்" என்றான். பிறகு இன்னொருவனோடு சேர்ந்து தள்ளினான். காலி டப்பா மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வேர்த்துக் கொட்டியது, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அலுவலகத்தைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் கூடத்தின் கடைசிவரை போனது. சாமான் வாங்க வந்த ஒருவர் வேறு மாடிக்கு வந்துவிட்டோமோ என்று படியிறங்கப் பார்த்தார். அலமாரியோடு என் மேசையையும் முந்தின நாளே நடுக்கூடத்துக்குத் தள்ளியிருந்தார்கள், கணக்குப் பெண்ணின் மேசைக்கு எதிரே. நான் ஸ்டேப்ளரைத் திறந்து மூடினேன். ஒரு ஃபைலைப் பிரித்து, புருவத்தைச் சுருக்கி, கட்டினேன். முன்பெல்லாம் ஆள் வரும்போது மட்டும் பாவலா காட்டினால் போதும். இப்போது காலையிலிருந்து சாயங்காலம்வரை காட்ட வேண்டியிருந்தது. அதுவே ஒரு உத்தியோகம்தான்.

எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்றுதான் பயந்தேன். எனக்கும் எல்லாரும் தெரிவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

டிக் போட்ட தாளைக் கணக்குப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை, கண் கம்ப்யூட்டரிலிருந்து நகரவில்லை. கை மட்டும் அந்தத் தாளை எடுத்து, இரண்டாக, நாலாகக் கிழித்து, மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டது. கவனக்குறைவு என்று நினைத்தேன். பதறிக்கொண்டு சொல்லப்போனேன், ஏதோ தடுத்தது. அடுத்த நாளும் பார்த்தேன். அதே மாதிரி இரண்டாக, நாலாக, கூடைக்குள். அந்தக் கைக்கு அது பழகிப்போயிருந்தது. பழகுவதற்கு எத்தனை காலம் ஆகியிருக்கும்?

அவள் நிமிர்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டேன், கிழித்தது நான் என்பது போல.

பட்டியல் முந்தின நாளே கம்ப்யூட்டரில் கிடங்குக்குப் போய்விடுகிறது என்பது இந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் புரியும். காலையில் நான் டிக் போடும்போது லாரி பாதி தூரம் போயிருக்கும். அப்படியானால் அந்த வால்வு? அது நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே லாரியில் போயிருக்கும். தப்பு என்று தெரிந்து, அவளே போன் போட்டு யார் காலிலோ விழுந்து சரிக்கட்டியிருப்பாள். அதற்கும் மேலே எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த டீயை நான் எவ்வளவு ரசித்துக் குடித்தேன் என்று நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த நாள் அவள் புதிதாக ஒரு ஃபைலோடு வந்தாள். 'சரிபார்த்தவை' என்று முதுகில் எழுதி ஒட்டியிருந்தது. என் தாளை வாங்கி, ஓட்டை போட்டு, என் கண்ணெதிரே கோத்து வைத்தாள். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை, நிஜமான வேலை. போன் அடித்துக்கொண்டிருந்தது. அதை அடிக்க விட்டுவிட்டு எனக்காக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கிழித்ததைப் பார்த்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

எழுந்து அவளிடம் போனேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் நான்தானே எல்லாத் தடுப்பையும் எடுத்துவிட்டேன். குரல் கூடம் முழுக்கப் போனது.

"எனக்கு வேலை இல்லன்னு உனக்கு எப்பத்துலேருந்தும்மா தெரியும்?"

"அக்கா, அப்படில்லாம் இல்லக்கா..."

"எப்பத்துலேருந்து?"

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் சேந்தப்பவே சொல்லிட்டுதான் போனாங்கக்கா, முன்னாடி இருந்தவங்க. காலையில ஒரு தாள் குடுத்துடு, பாவம்னு."

முன்னாடி இருந்தவங்க. அப்படியென்றால் எனக்குத் தாள் கொடுப்பது இந்த அலுவலகத்தில் ஒருத்தர் கைமாற்றி ஒருத்தர் செய்கிற வேலை. சுற்றிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. மைக் போனை வாயோடு ஒட்டவைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். ஒருத்தருக்காவது அது புதுச் செய்தியாக இருந்திருக்கலாம்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், எனக்கு இங்க வேலை இல்ல. ரொம்ப நாளா இல்ல. இருந்தாக் குடுங்க. இல்லேன்னா இல்லன்னு சொல்லிடுங்க, போயிடறேன்."

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். உண்மையாகவே போய்விடுவேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

"யாரு சொன்னா மேடம்? இவ்ளோ பெரிய வேலை செஞ்சு முடிச்சிருக்கீங்க."

"அதுவும் எனக்காகத்தானே சார் குடுத்தீங்க?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மனுஷன், சட்டென்று பொய் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியே கூடத்தைப் பார்த்தார். மேசை மேசையாக, சுவர் சுவராக அவர் கண் எதையோ தேடிக்கொண்டு போனது. எனக்கு ஒரு வேலையைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கடைசியில் இளம்பச்சைச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் போய் நின்றது.

"இப்ப இது இப்படியே இருக்கணும்ல மேடம்? ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடும். அதுக்கு ஒருத்தர் வேணும். நாற்காலி, வயரு, படமெல்லாம் அந்தந்த எடத்துல இருக்கான்னு தெனமும் பாக்கணும். இதோ, அந்தப் படமே லேசா சாஞ்சிருக்கு பாருங்க. அது சின்ன வேலை இல்ல."

அவர் அந்த வேலையை அந்த நிமிஷம்தான் உண்டாக்கினார். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால், "சரி சார், நான் பாத்துக்கறேன்" என்று என் வாய் முந்திக்கொண்டது. அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். அதைவிட வெட்கம், அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

கூடத்துக்கு வந்தேன். எல்லாரும் மும்முரமாகத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தைத் தாண்டி, பச்சைச் சுவரிடம் போய், படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். மறுபடி போய்த் தொட்டேன்.

"இப்ப நேரா இருக்குக்கா" என்றாள் கணக்குப் பெண்.

அதற்கு முன்பும் நேராகத்தான் இருந்தது.