முத்தலிப்பின் வயற்கல்

கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே முத்தலிப்பின் மனைவி ஸுல்பிகா முன்வரிசைக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கண்டதும் அருளம்பலம் கையிலிருந்த குறிப்புத் தாள்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் மாதம் ஒருமுறை வரலாற்றுச் சொற்பொழிவு செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். கல்வெட்டு என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம். பேச்சின் முடிவில், கல்லைக் காட்டித் தந்தவரின் பெயரையும் ஊரையும் திரையில் போட்டு நன்றி சொல்வது அவர் வழக்கம். மரியாதை தெரிந்த மனிதராம்! போன மாதம் அப்படித்தான், தன் வயலில் கிடந்த கல்வெட்டைக் காட்டித் தந்த தம்பலகாமத்து முத்தலிப்பின் பெயரை, வயலுக்குப் போகும் வழியோடு சேர்த்துப் போட்டார். யாரோ அதைப் படமெடுத்து முகநூலில் போட, மூன்றாவது வாரமே தொல்பொருள் அதிகாரிகள் வந்து வயலைச் சுற்றி எல்லைக்கட்டை நட்டுவிட்டார்கள். இனி அங்கே உழக் கூடாது. அன்றிலிருந்து முத்தலிப் யாரோடும் கதைப்பதில்லை. விதைக்கிற நாளோ வந்துவிட்டது.

"அந்தக் கல்லு பழசில்லையெண்டு இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க சேர்," என்றாள் ஸுல்பிகா. "உங்கட வாயால வந்தது. உங்கட வாயாலயே போகட்டும்."

அவரால் மறுக்க முடியவில்லை. கூட்டம் தொடங்கியதும் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"போன மாசம் நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அந்தக் கல்லு பழசில்லை. ஆரோ இப்ப கிட்டடியில வெட்டினது."

பொய் சொன்ன வெட்கத்தை விட, ஸுல்பிகாவின் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்த நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

மடிக்கணினிக்கு முன்னால் இருந்த சோபனா துள்ளி எழுந்தாள். அவருடைய பழைய மாணவி, ஒரு கூட்டமும் தவறவிடாதவள். வேண்டுமென்றே பிழை சொல்லி, யார் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பது அவருடைய வகுப்பறைப் பழக்கம்.

"சேர் எங்களைச் சோதிக்கிறார்!" என்று சிரித்தபடி போன மாதப் படத்தைத் திரையில் போட்டாள். "ஆயிரம் வருசத்து எழுத்தெண்டு நீங்கள்தானே காட்டித் தந்தனீங்கள்?"

மண்டபம் கைதட்டியது.

"இல்லைப் பிள்ளை, நிப்பாட்டும்!" அருளம்பலம் ஓடிப்போய்ப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். கல்லின் எழுத்துகள் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தன.

"அசையாமல் நில்லுங்கோ சேர், இப்பதான் வடிவாத் தெரியுது," என்ற சோபனா, அவர் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசிக்கத் தொடங்கினாள். பின்வரிசையில் கைப்பேசிகள் உயர்ந்தன. ஸுல்பிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.