சோளத்துக்கு நடுவே புல்

அண்ணன் கல்லிலும் நார் உரிக்கிறவன். அவனிடம் போய்ச் சோளத்தில் பங்கு கேட்கத் தங்கைக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை. சோளம் மொத்தமும் உனக்கு, வரிசைக்கு நடுவில் வெறுமனே கிடக்கிற மண்ணில் நான் புல் விதைத்துக்கொள்கிறேன், அறுவடைக்கு அப்புறம் அந்தப் புல் என் மாட்டுக்கு என்றுதான் கேட்டாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு செவலைப் பசு. அதன் பாலில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. கோடை வந்தால் அதற்குப் போட ஒரு பிடி பச்சை இருக்காது.

"சோளக்காட்டுல வேணும்னே களை வெக்கிற ஒரே பொம்பளை நீதான்" என்று சிரித்தான் அண்ணன். சிரித்துக்கொண்டே சரி என்றான். தன் கையை விட்டு ஒன்றும் போகாத விஷயத்தில் அவன் என்றைக்குமே தாராளப் பிரபு.

சோளத்தோடு சேர்த்து விதைத்தால் புல் முந்திக்கொண்டு சோளத்தை அமுக்கிவிடும். அதனால் முதல் களை எடுத்து, சோளம் முழங்காலைத் தாண்டிய பிறகே விதைத்தாள். நிழலில் புல் நோஞ்சானாகத்தான் கிடந்தது. அறுவடையின்போது ஆளோடு ஆளாக நின்று, கதிரை மட்டும் கொய்து, புல் மிதிபடாமல் பார்த்துக்கொண்டாள். தட்டையையும் வெட்டி எடுத்து வெயில் உள்ளே விழுந்ததுதான் தாமதம், மேல்காடு முழுக்கப் பச்சை பொங்கிக்கொண்டு வந்தது. விதை பற்றாமல் போன கீழ்க்காட்டில் மட்டும் சோளக்கட்டை மொட்டையாக நின்றது.

"கீழ்க்காட்டுக் கட்டையில துளிர் விடும்ணா. அந்த எளந்துளிர் வெஷம். மாடு தின்னா அங்கயே விழுந்துடும், பாத்துக்க" என்று அன்றைக்கே சொன்னாள். அண்ணனும் தலையாட்டினான்.

சோளம் வீடு வந்து சேர்ந்த வாரமே அவன் இரண்டு கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். மேல்காட்டு வேலிப் படலுக்கு ஒரு பூட்டும் வந்தது.

"என்னண்ணா இது?"

"வெதை உன்னதா இருக்கலாம். மண்ணு யாரோடது?"

அவள் சண்டை போட்டாள், அழுதாள், அண்ணன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தாள். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி நல்லவள்தான். அந்த வீட்டில் நல்லவளாக இருந்து யாருக்கு என்ன லாபம்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தங்கை தினமும் வாய்க்கால் ஓரமாக நெடுந்தூரம் நடந்து, கிடைத்ததை அறுத்துக் கொண்டுவந்து போட்டாள். செவலைக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது.

ஒருநாள் மதியம் தலையில் அரைக்கட்டுப் புல்லோடு திரும்பியபோது, கொட்டகையில் அண்ணி நின்று அலறிக்கொண்டிருந்தாள். செவலை கீழே கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் நுரை. முன்னால் பாதி தின்ற சோளத்துளிர்க் கட்டு. அதைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? மாட்டு டாக்டர் வண்டியை விரட்டிக்கொண்டுதான் வந்தார். ஊசியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"எலும்பும் தோலுமா நிக்குதேன்னு மனசு கேக்கலம்மா" என்று அண்ணி தேம்பினாள். "மேல்காட்டுப் புல்லத் தொட்டா உங்கண்ணன் என்னைக் கொன்னுடுவாரு. கீழ்க்காட்டுல பச்சையா சும்மாதானே கெடக்குதுன்னு ஒரு கட்டு அறுத்துட்டு வந்தேன்."

அந்த வீட்டிலிருந்து தங்கைக்கு வந்த முதல் உபகாரம் அது.

அண்ணன் வந்தான். மாட்டைப் பார்த்தான். துளிரையும் பார்த்தான்.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றாள் தங்கை.

"இல்லாமயா? அதான் என் மாட்ட அந்தப் பக்கமே விடல."

"அண்ணிகிட்டச் சொன்னியா?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "மேல்காட்டுப் புல்ல யாருக்கும் குடுக்காதன்னு சொன்னேன்."

அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது. அவள் புருஷனைப் பார்த்த பார்வையை அவன் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து படல் சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். இவ்வளவு பெரிய மனசு தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. இனிமே அந்தப் புல்ல நீயே அறுத்துக்க."

தங்கை செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்குண்ணா? நான் திங்கறதுக்கா?"