வாசலில் நின்ற வண்டி

போன கோடையில், மலைக்கு அப்பால் காட்டுத்தீயின் புகை தெரிந்ததுமே டெல்லா நாயையும் துணிமணிகளையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டு ஓடினாள். மறுநாளே மழை கொட்டித் தீ அடங்கிவிட்டது. அன்றிலிருந்து மதுக்கடையில் அவளுக்குப் 'புகை அலாரம்' என்று பெயர்.

"யாருப்பா அங்க ரொட்டியைக் கருக்குறது? டெல்லா ஊரைக் காலி பண்ணிடப் போறா!" என்பான் பிராடி. கடையே சிரிக்கும். டெல்லாவும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு கிளாஸை முடிக்காமலே வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்தக் கோடையில், வடக்குக் காற்று அனலாக வீசிய ஒரு நாள், காலையிலேயே வெளியேறச் சொல்லிக் கைபேசியில் எச்சரிக்கை வந்தது. தெருவில் ஒருவரும் அசையவில்லை. பக்கத்து வீட்டு மெர்ல் கிழவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, மூட்டை கட்டியாச்சா?"

"சேச்சே, இல்ல மெர்ல். இங்கதான் இருக்கப் போறேன்."

"அப்படிச் சொல்லு! எங்க வீட்டுக்காரர் கிளைவ்கிட்டச் சொல்றேன். நீயே இருக்கேன்னா எங்களுக்கென்ன பயம்?"

டெல்லாவுக்கு அப்போதே கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் தெருவே பார்க்க இன்னொரு முறை ஓட அவளுக்கு முகமில்லை. எல்லோருக்கும் தெரிந்த தன் வெள்ளை வண்டியை வாசலிலேயே விட்டாள். தீப்பொறி விழுந்தாலும் பற்றாதிருக்கக் கூரைமேல் தண்ணீரைத் திறந்துவிட்டாள். உள்ளே ஆள் இருப்பதுபோல் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். கொட்டகையில் கிடந்த பழைய காரில் நாயை ஏற்றிக்கொண்டு, பின்பக்கக் காட்டுப்பாதையில் நழுவினாள். மெர்லிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் மதுக்கடைக்குப் போய்விடும்.

பிற்பகலில் காற்று திசை மாறியது. தீ தெருவுக்குள் புகுந்தது.

அடிவாரத்து ஊரில், கால்பந்து மைதானக் கூடத்தில்தான் எல்லோரும் கூடினார்கள். புருவம் கருகி, முகமெல்லாம் கரியாக வந்த மெர்ல், டெல்லாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"உயிரோட இருக்கியா, என் தங்கமே! உன் வண்டி நின்னுச்சு. உள்ள ரேடியோ கேட்டுச்சு. நீ மயங்கிக் கிடக்குறியோன்னு கிளைவ் ஜன்னலை உடைச்சு உள்ள போயிட்டாரு. ரூம் ரூமா உன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு. வாய்யா, வாய்யான்னு நான் கத்துறேன். 'அந்தப் பொண்ணை விட்டுட்டா?'ன்னு கேக்குறாரு மனுஷன்."

"இப்ப அவர் எங்க?"

"ஹெலிகாப்டர்ல கொண்டுபோயிட்டாங்க. மூச்சு விட முடியல." மெர்ல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எப்ப கண்ணு கிளம்பின?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிராடியும் பார்த்தான். காலையிலேயே என்ற சொல் டெல்லாவின் நாக்கு நுனிவரை வந்தது.

"கடைசிலதான்," என்றாள். "பின்பக்கமா ஓடிட்டேன்."

பிராடி அவள் தோளில் தட்டினான். "பாத்தீங்களா! நம்ம புகை அலாரமே கடைசி வரைக்கும் நின்னிருக்கா!"

மெர்ல் அவள் கையை விடவே இல்லை. ஓராண்டாக ஏங்கிக் கிடந்த பாராட்டு அது. தடுப்பதற்குள் டெல்லாவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.