மேட்டு வயலின் தாங்ஷென் பூக்கள்

தாங்ஷென் என்ற மருந்துக்கொடியில் பூவை விட்டுவைத்தால் வேர் மெலிந்துவிடும். மருந்துக்கடைக்காரர்களுக்கு வேண்டியது வேர். அதனால் ஆகஸ்ட் பிறந்ததும் வயல்காரன் தேபாவ் கூலிக்கு ஆள் வைத்துப் பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுவிடுவான். இந்த வருஷம் கிள்ள வந்தவர்களில் ஹுய்லியானும் ஒருத்தி.

அவள் வீட்டு மண்சுவர்ப் பொந்தில் ஒரே ஒரு தேன்கூடு மிஞ்சியிருந்தது. மரங்கள் பூத்த நேரத்தில் உறைபனி விழுந்தது. அடுத்துப் பூத்தவற்றை ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டது. இனித் தேனீக்களுக்கு இந்தத் தாங்ஷென் பூ ஒன்றுதான் கதி. இந்த ஊர்த் தேனீ பசி பொறுக்காது. கூட்டைப் போட்டது போட்டபடி கிளம்பிவிடும்.

"தம்பி, மேட்டு வயலை மட்டும் விட்டுவையேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உன் தேனீ கொழுக்கணும், என் வேரு நூலாப் போகணுமா? நல்லா இருக்கு அக்கா உன் நியாயம்!"

"தன் கல்யாண விருந்துலயே நூடுல்ஸை எண்ணிப் போட்டவன்கிட்டப் போய்க் கேக்குறியே" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த சாய்யே.

ஹுய்லியான் கொடியின் மேல் குனிந்தாள். கிள்ளக் கிள்ளக் கொடியின் பால் விரல்களில் பிசுபிசுத்துக் கறுத்தது. மணிபோலத் தொங்கிய ஒரு பூவுக்குள் தேனீ இருந்தால், அது வெளியே வரும்வரை கை தானாக நின்றது.

"என்னடி, ஒவ்வொருத்தரா பந்தி முடிச்சு அனுப்புறியா?" என்று சாய்யே சிரித்தாள்.

உச்சிவேளையில் ஊர்ப்பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. தலைக்கு மேலே ஒரு பழுப்பு மேகம். ஹுய்லியான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய தேனீக்கள் கிளம்பிவிட்டன.

"மண்ணை வீசுங்கடி!" என்று கத்தியபடி இரு கையாலும் அள்ளி வானத்தில் எறிந்தாள். எல்லோரும் எறிந்தார்கள். தேபாவும் எறிந்து தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டான். மண்மழைக்கு மிரண்டு தாழ்ந்த கூட்டம், மேட்டு வயலில் கொடி படர நட்டிருந்த கழியொன்றில் கொத்தாகத் தொங்கிவிட்டது.

தானாக வந்து இறங்கும் தேனீ செல்வத்தைக் கொண்டுவரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதை விரட்ட யாருக்கும் துணிச்சல் வராது. தேபாவ் கண்ணைக் கசக்கிக்கொண்டே நிமிர்ந்தான்.

"என் கழியில உக்காந்திருக்கு. அப்ப இது எனக்கு வந்தது."

ஹுய்லியானுக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டை போட்டால் நாளைக்கே மேட்டு வயலும் மொட்டையாகும்.

"சரி, உனக்கு வந்த விருந்தாளின்னே வெச்சுக்க. அதுக்குச் சாப்பாடு என்ன போடுவ?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். தேபாவ் பூவைப் பார்த்தான், கொத்தைப் பார்த்தான்.

"தேன்ல பாதி எனக்கு."

"பாதி. மேட்டு வயல் பூவுல கை வைக்கக் கூடாது. பொந்து இந்த மேட்டுச் சரிவுலயே இருக்கட்டும். அதை நீதான் தோண்டணும்."

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த தேனை வைக்கோல் தொப்பியில் தடவி, கொத்துக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, ஒவ்வொன்றாகத் தொப்பிக்குள் ஏறின. அதற்குள் தேபாவ் வியர்க்க வியர்க்கப் பொந்து தோண்டி முடித்திருந்தான். ஹுய்லியான் தேனீக்களை அதில் இறக்கிவிட்டாள்.

"தங்குமா அக்கா?"

"பூ இருந்தா தங்கும்."

சாயங்காலம், விஷயம் தெரியாத ஒருத்தி கீழ்வயலை முடித்துவிட்டு மேட்டில் ஏறிக் கை நீட்டினாள்.

"ஏய், தொடாத! என் தேனீ பட்டினி கெடக்கும்!" என்று அலறினான் தேபாவ்.

"நம்ம தேனீ" என்றாள் ஹுய்லியான்.