கிரேன் மேலே போன ஓட்ஸ் கட்டி

ஓட்ஸ் கட்டி செய்வது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை. அலமாரியில் இருப்பதை வைத்தே முடித்துவிடுவாள். ஓட்ஸை வாணலியில் போட்டு வாசம் வரும்வரை வறுப்பாள். வேர்க்கடலையை வறுத்து உள்ளங்கையில் தேய்த்து, ஜன்னல் பக்கம் போய்த் தோலை ஊதிவிட்டு ஒன்றிரண்டாகத் தட்டுவாள். ஊறவைத்த பேரீச்சம்பழத்தை அரைத்துத் தேனோடு அடுப்பில் ஏற்றி, அது தளதளவென்று கொதிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுவாள். சூடு ஆறுவதற்குள் தட்டில் பரப்பி டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்தி வைத்தால், ஆறியபின் கத்தி சொன்னபடி கேட்கும். துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றிவிட்டால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை.

இவ்வளவும் அவள் வீட்டுக்காரருக்காக. கட்டடம் கட்டும் இடத்தில் உயரமான கிரேனை ஓட்டுகிறவர் அவர். காலையில் ஏணி ஏறிப் போனால் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். நினைத்தபோது இறங்கி வர முடியாது. சாப்பாட்டு வேளைக்கு நடுவில் பசித்தால் கடிக்க ஏதாவது வேண்டும் என்றுதான் முதலில் இந்தக் கட்டியைச் செய்ய ஆரம்பித்தாள். ஒல்லியாக, நெட்டையாக, காலே முக்கால்வாசி ஆளாக இருப்பதால் வேலை இடத்தில் அவருக்குக் 'கொக்கு' என்று பெயர்.

கொக்குக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். போன மாதம் டாக்டரிடம் போனபோது, "சுகர் ஏறிக்கிட்டே போகுது, இனிப்பைக் குறைங்க" என்றார் டாக்டர். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? முதல்ல அந்தக் கட்டியை நிறுத்துங்க."

"டீயில சர்க்கரையை விட்டாச்சு, பழத்தை விட்டாச்சு, ஸ்வீட் பக்கமே போறதில்ல. கட்டியில மட்டும் கை வைக்காத."

"சின்னப் புள்ள மாதிரி அதுல அப்படி என்ன ஆசை?"

"ஆசைதான். விடேன்."

அவள் விடவில்லை. விட்டதுபோல் இருந்துகொண்டாள். கடையில் சீனி இல்லாத சிரப்பு ஒன்று பாட்டிலில் கிடைத்தது. தேனைப் போலவே இழுபடும், நாக்கில் பட்டால் தேனைவிடத் தித்திக்கும், ஆனால் உடம்பில் சர்க்கரை ஏறாது. பேரீச்சம்பழத்தை எடுத்துவிட்டாள், தேனை எடுத்துவிட்டாள். பழம் இல்லாமல் கட்டி உதிர்ந்து போனது. வேர்க்கடலையில் பாதியை எண்ணெய் விடும்வரை அரைத்துச் சேர்த்தாள், பிடித்துக்கொண்டது. பழத்தின் நிறம் வரவில்லையே என்று கொஞ்சம் கோகோ பொடியும் தூவினாள். தின்று பார்த்தால் அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் புருஷனுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

திங்கட்கிழமை காலையில் அவர் கட்டியை எடுத்துச் சட்டைப் பையில் வைக்கும்போது காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன, இந்தத் தடவை கருகிப்போச்சா?"

"கோகோ போட்டிருக்கேன். பெரிய கடைங்கள்ல விக்கறது இப்படித்தான் இருக்கும்."

"அப்ப எனக்கும் பெரிய மனுஷன் ஆகற நேரம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். கட்டட வேலைக்காரர்களின் சீருடை எல்லாம் அங்கேதான் துவைக்க வரும். துவைத்து, பெட்டி போட்டு, மூட்டை கட்டி, வாரத்துக்கு ஒருமுறை அவளே வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வேலை இடத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அந்த வாரம் புதன்கிழமை மூட்டையோடு போனாள்.

வாசலில் காவல்காரர் வழக்கம்போல் கையெழுத்து வாங்க எழுந்து வரவில்லை. தன் அறைக்குள் மேசைமேல் இருந்த வாக்கிடாக்கியைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தாங்க துணி. என்ன, உங்க வீட்டுக்காரியா பேசறாங்க? இவ்வளவு பக்தியா கேக்கறீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக மேலே கையைக் காட்டினார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கிரேனின் நீளமான கை அசையாமல் நின்றது. அதன் கொக்கியில் இரும்புக் கம்பிக்கட்டு ஒன்று நடுவானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆட்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லி, திறந்த இடத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் அண்ணாந்து நின்றார். சிக்னல்காரர். கீழே இருந்து எதைத் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கொக்குக்குச் சொல்கிறவர். வயிறு அவருக்கு முன்னால் போகும் என்பதால் பெயர் 'தொப்பை'. இருவரும் பல வருஷக் கூட்டாளிகள்.

"மெஷின் மாட்டிக்கிச்சா?" என்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. லீவர்ல இருந்து கையை எடுத்துட்டா அதுவா நின்னுடும். உங்க வீட்டுக்காரர்தான் கையை எடுத்துட்டாரு."

வாக்கிடாக்கி கரகரத்தது. தொப்பையின் குரல்.

"கொக்கு, என்னடா ஆச்சு? இன்னும் சரியாகலையா?"

பதில் வர நேரம் பிடித்தது. வந்தபோது அது அவர் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது.

"ரெண்டு கட்டியும்... தின்னுட்டேன். ஆயிடும். யாரும் ஏற வேணாம். ஆபீஸ்ல சொல்லிடாத."

"அதையேதாண்டா அப்பவும் சொன்ன."

"ஆயிடும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த நேரத்துல எதுக்குக் கட்டியைத் தின்னாரு?" என்று காவல்காரரிடம் கேட்டாள்.

"சுகர் இறங்கிடுச்சும்மா. இறங்கினா அதைத்தானே சாப்பிடுவாரு. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுடுவாரு, வேலையைப் பார்ப்பாரு. இன்னிக்குத்தான் என்னமோ தெளியவே மாட்டேங்குது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் இழுத்தார். "உங்க கட்டிதான் மருந்துன்னு நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோமே. உங்களுக்குத் தெரியாதா?"

 சர்க்கரை ஏறும் என்றுதான் அவள் பயந்தாள். ஏறுவதைப் பற்றித்தான் டாக்டர் பேசினார், வீட்டில் சண்டையும் அதைப் பற்றித்தான். இறங்கினால் ஆளே போய்விடலாம், உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்று ஊசி ஆரம்பித்த காலத்தில் யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவருக்கு இறங்கியதே இல்லை. இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். இந்த வாசலில் நிற்கிற ஆளுக்குத் தெரிந்தது, கம்பி கட்டுகிறவர்களுக்குத் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த நினைப்பு முழுசாக வந்து சேர்வதற்குள் இன்னொன்று வந்து அதை மிதித்துக்கொண்டு நின்றது. மேலே உட்கார்ந்திருக்கிற மனுஷர் கட்டி வேலை செய்யும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். அது வேலை செய்யாது. இந்த உலகத்தில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் வாக்கிடாக்கியைப் பறித்தாள்.

"பட்டனை அமுக்கிக்கிட்டுப் பேசணும்" என்றார் காவல்காரர்.

அமுக்கினாள். 

"என்னங்க, நான்தான். கட்டியில இனிப்பு இல்லைங்க. தேனும் இல்ல, பழமும் இல்ல. சீனி இல்லாத சிரப்பை ஊத்திட்டேன். அது ஏறாது. அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

வாக்கிடாக்கி இரைந்துகொண்டே இருந்தது. திறந்த இடத்தில் நின்ற தொப்பை, சுட்டுவிட்டதுபோல் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"இனிப்பா... இருந்துச்சே" என்றது மேலே இருந்து வந்த குரல். கோபம் இல்லை. ஒன்றும் புரியாத குழந்தையின் குரல். 

காவல்காரர் மேசைக்கடியில் டீ போடச் சீனி டப்பா வைத்திருந்தார். அவள் அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதிக்குமேல் கவிழ்த்தாள். அவசரத்தில் மேசையெல்லாம் சிந்தியது. மூடிக் குலுக்கிக்கொண்டே ஓடினாள். தொப்பை எதிரே ஓடி வந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"கொடு, தங்கச்சி."

"நீங்க ஏறுவீங்களா அண்ணே?"

"நான் ஏறி எவ்வளவோ காலம் ஆச்சு. வேற யாருக்கு அந்தக் கூண்டுக் கதவு திறக்கத் தெரியும்? கொடு."

பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றுப் பட்டையை மாட்டி, அவர் ஏணியில் கால் வைத்தார். கிரேனின் கம்பத்துக்குள் ஏணி மேலே மேலே போனது. வயிறு ஒவ்வொரு படியிலும் இடித்தது. அங்கங்கே நின்று மூச்சு வாங்கினார். அவர் நின்றபோதெல்லாம் அவளுக்கும் மூச்சு நின்றது. சீருடை போட்ட ஆட்கள் சுற்றி நின்றார்கள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் வாக்கிடாக்கி இல்லாவிட்டாலும், அவள் சொன்னது எல்லோர் காதுக்கும் போயிருந்தது.

"பேசிக்கிட்டே இரும்மா, தூங்க விடாத" என்று வாக்கிடாக்கியை அவள் கையில் திணித்தார், பின்னாலேயே ஓடி வந்த காவல்காரர்.

என்ன பேசுவது? பட்டனை அமுக்கி, "என்னங்க, முழிச்சிருக்கீங்களா?" என்றாள்.

"ம்."

"ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?"

"ம்."

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"கட்டி வேணாம்" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவனுக்குச் சிரிப்பு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை.

அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மேலே கூண்டின் கதவு திறப்பது தெரிந்தது. தொப்பையின் இளைப்பு வாக்கிடாக்கி முழுக்க நிறைந்தது.

"டேய், வாயைத் திற. என்னைப் பாரு. முழுங்கு. மெதுவா. இன்னும் கொஞ்சம். தூ, என் மேல துப்பாதடா."

அவள் வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"குடிச்சுட்டான்" என்றார் தொப்பை. "கண்ணு முழிச்சுப் பார்க்கறான். யாருடா நீன்னு என்னையே கேக்கறான்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து வேறொரு கிரேன்காரர் வந்து ஏறி, கம்பிக்கட்டைக் கீழே இறக்கி வைத்தார். அதற்குப் பிறகுதான் கொக்கை முன்னும் பின்னும் ஆள் நின்று, பட்டை மாட்டிப் படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். முதலுதவி அறையில் ஒரே ஒரு கட்டில். கொக்குக்கு அதில் கால் நீட்ட இடம் போதவில்லை. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "இப்ப ஏறிடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா வலிப்பு வந்திருக்கும்" என்றாள்.

அவருக்கு முகம் வெளுத்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மனைவியைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா தின்னிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை மேல ஏற விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

கதவோரம் தரையில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்த தொப்பை தலையைத் தூக்கினார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் குடும்பம் நடத்தறீங்க. அந்தக் கம்பிக்கு நேர் கீழ நின்னவன் நான்."

 மேலே தொங்கிய கம்பிக்கட்டை அவள் நினைத்துப் பார்த்தாள். லீவரை விட்டதும் மெஷின் நின்றதால் தப்பியது. கை லீவர்மேலேயே சாய்ந்து விழுந்திருந்தால்? 

"தெரிஞ்சும் மறைச்சேன் பாரு, எனக்கும் வேணும்" என்றார் தொப்பை, கொஞ்சம் கழித்து.

நர்ஸ் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்தாள். "குளுக்கோஸ் மாத்திரை. கடலையும் ஓட்ஸும் போட்ட கட்டி, தேன் ஊத்தியிருந்தாலும் மெதுவாத்தான் ஏறும். இத்தனை நாள் தப்பிச்சதே பெருசு. பெரிய டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கிரேன் பக்கம் போகக் கூடாது, நான் ஆபீஸ்ல சொல்லியாகணும்." பிறகு கொக்கின் பக்கம் குனிந்தாள். "இந்த மாதிரி முன்னாடி எத்தனை தடவை ஆகியிருக்கு? மறைக்காம சொல்லுங்க. அதை வச்சுத்தான் ஊசி அளவைப் பார்ப்பாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"போன வாரம் பஸ் ஸ்டாப்புல" என்றார். "அன்னிக்கு லேட்டா வந்தேனே."

பஸ் கிடைக்கவில்லை என்று சொன்ன நாள் அது. வாசலிலேயே வைத்து அவள் திட்டியிருந்தாள்.

"அப்புறம், உன் தங்கச்சி வீட்டுக்குப் போனோமே. மாடியில போய்த் தனியாப் படுத்துக்கிட்டேன்."

தன் சொந்தக்காரர்களோடு ஒட்டமாட்டேன் என்கிறார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசாமல் வந்த நாள்.

"குளிக்கப் போயிட்டு ரொம்ப நேரமா வெளிய வராம இருந்தேனே, நீ கதவைத் தட்டினியே."

அவள் தட்டினாள். சோப்புப் போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேலி செய்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நர்ஸ் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். தொப்பை மெதுவாக எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"இன்னும் இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு."

அவள் முக்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். 

"சொல்லுங்க" என்றாள்.