பதினோராவது கிலோமீட்டரில் எட்டு எம்பி

திருநாவுக்கரசின் வீட்டில் இணைய வேகம் எட்டு எம்பியைத் தொட்ட வியாழக்கிழமை காலை, காத்தமுத்துவின் வீட்டு அடுப்பில் ஏற்றிய உலை திங்கட்கிழமை மாலைதான் கொதித்தது. விறகு காய்ந்த விறகுதான். பானையிலும் ஓட்டை இல்லை.

திருநாவுக்கரசு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து, கோப்புகள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்விடாதபடி முப்பத்திரண்டு வருடம் காவல் காத்து ஓய்வு பெற்றவர். அந்தமானில் ரங்கத் என்ற ஊரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ரப்பர் தோட்டத்துக்கு மேலே குன்றில் வீடு கட்டி, ஞாயிறுதோறும் மெயின்லேண்டுக்கு இணையவழியே அறவுரை ஆற்றிவந்தார். கேட்பவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் மகனும் மருமகளும். அவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டுச் சமையல் செய்வார்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் ரங்கத் வரை புதிய கேபிள் வந்துவிட்டது. ரங்கத்திலிருந்து குன்று வரை மட்டும் அதே பழைய செம்புக் கம்பி, பாக்கு மரங்களில் சாய்ந்தும் இரண்டு ஓடைகளைத் தாண்டியும் வந்தது. அத்தனை தூரம் நடந்து வந்த இணையம் வாசலில் நுழையும்போது அரை எம்பிதான் மிஞ்சியிருக்கும். அவர் "அன்பர்களே" என்று ஆரம்பித்தால், ஏழு பேரும் பத்து நிமிடம் அவருடைய திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த நிலையில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு இணையவழியே கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தது. திறந்த வாயோடு பட்டம் வாங்க அவருக்கு மனமில்லை.

வழி சொன்னது டெலிபோன் லைன்மேன் ஸ்ரீதர். குன்றுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பத்து வீடுகளுக்குப் பழைய போன் கம்பி ஜோடி ஜோடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போன்கள் செத்துப் பன்னிரண்டு வருடம்.

"டெட் ஜோடி ஸார், சும்மா தொங்குது. அதுல நாலை உங்க லைனோட சேத்துட்டா எட்டு எம்பி, பக்கா. ஆட்சேபணை இல்லன்னு அவங்ககிட்ட ஒரு பேப்பர் வாங்கிட்டா காம் ஹோ கயா, வேலை முடிஞ்சுது."

பேப்பர் வாங்குவது சிரமமாக இல்லை. லயத்தில் இருந்தவர்கள் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். குடியுரிமைக் காகிதத்தில் கையெழுத்துப் போட யோசித்த சொந்தக்காரர்கள் எந்த நாட்டுக்கும் ஆகாமல் அங்கேயே கிடந்ததை அவர்கள் அறிவார்கள். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் கையெழுத்து, பிறகு ஜெராக்ஸ், பிறகு லேமினேஷன் என்பது லயத்து வழக்கம். படிப்பது இந்த வரிசையில் இல்லை. "எங்கன போடணுங்கய்யா?" என்று மட்டும் கேட்டார் காத்தமுத்து. அவர் வீட்டு ரேஷன் அட்டையில் இருந்த மூன்று பேரும் போட்டார்கள். அவர், மனைவி ஒச்சம்மா, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து ஏழு மாத வயிற்றோடு இருந்த மகள் ஜெயராணி.

முதல் ஜோடியைச் சேர்த்த அன்று, அடுத்த வீட்டு முருகையா தலையில் ஊற்றிய தண்ணீர் தோளுக்கு வர அரை நாள் எடுத்தது. நான்காவது ஜோடி காத்தமுத்து வீட்டுடையது. கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே போனாலும் மெதுவு அவர்கள் கூடவே போயிற்று. எல்லாம் ஒரே அளவில் மெதுவாகவில்லை என்பதையும் லயம் சீக்கிரமே கண்டுகொண்டது. வெற்றிலை மெல்வது, ஊர்வம்பு பேசுவது இதெல்லாம் கொஞ்சம்தான் இழுத்தது. அவசரமான காரியம் எதுவோ அதுதான் நகரவே இல்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுமையாகப் படவில்லை.

ஜெயராணிக்குப் பத்தாம் மாதம் போய்ப் பதிமூன்றாம் மாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நர்ஸ் நாடி பிடித்துவிட்டு, சாப்பிட்டு வந்து இரண்டாவது துடிப்பை எண்ணினார். 'நிலைமை சீராக உள்ளது' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தெற்கே நிக்கோபார்த் தீவில், கேம்பல் பே என்ற ஊரில் வேலை பார்த்த அவள் கணவன் சந்திரமோகனுக்கு ஒருவழியாகக் கப்பல் டிக்கெட் கிடைத்தது. பத்து நாள் லீவில் வந்தான். அவனைப் பார்க்க அவள் முகம் பாதி திரும்பியிருந்தபோது லீவு முடிந்து போய்விட்டான்.

பதினான்காம் மாதம் அவளுக்கு வலி எடுத்தது. கம்பியைக் கழற்றச் சொல்ல ஒச்சம்மா குன்றேறினாள். ஏற ஒரு வாரம். திருநாவுக்கரசின் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி நின்றது. தம்முடைய உரை பாமரரையும் கட்டிப்போடுகிறது என்று அவர் நெகிழ்ந்துபோய் அவளைப் படம் எடுத்து ஏழு பேருக்கும் அனுப்பினார். படம் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது. லயத்துக்கு வரும் சுகாதாரப் பணியாளர் வைஜெயந்தி மட்டும் தினம் வந்து ஒச்சம்மாவின் வாயருகே காதை வைத்து, கேட்டதைத் தடுப்பூசி நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அது ஒரு வாக்கியமாயிற்று. நோட்டோடு உள்ளே போனாள்.

"'ஐயா, புள்ளைக்கு வலி எடுத்திருச்சு, கம்பிய கழட்டிருங்க.' இதச் சொல்லத்தான் சார் அந்தம்மா ஒம்பது நாளா நிக்கிறாங்க."

"என் பேச்சக் கேக்க நிக்கிறான்னுல்ல நெனச்சேன்."

"அதுக்கு அவங்க என்ன பாவம் சார் பண்ணாங்க? அந்தப் பொண்ணுக்கு மொத வலியே இன்னும் விடல."

"ஞாயித்துக்கிழமை டாக்டரேட்டும்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு. பொம்பளைங்க தாங்காத வலியா?"

பட்டமளிப்பு நான்கு நிமிடம் நடந்தது. அவர் முகம் மருக்கள் உட்படத் தெளிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமை வைஜெயந்தி மறுபடி வந்து நின்றாள். டாக்டர் திருநாவுக்கரசு விதியைச் சொன்னார்: சம்மதம் எழுத்தில் வந்தது, வாபஸும் எழுத்தில்தான் வர வேண்டும், மூன்று கையெழுத்தோடு. வைஜெயந்தி ஸ்ரீதரைப் பிடித்துக் கெஞ்சினாள். "பேப்பர் இல்லாம கம்பத்துல ஏறுனா என் நௌக்ரி போயிடும் தீதி, வேலையே போயிடும்" என்றான் அவன். காத்தமுத்து போட ஒரு மாதம். ஒச்சம்மாவின் பெயரில் முதல் எழுத்துக்கே புரட்டாசி முழுவதும் போயிற்று. மீதி மார்கழியில் முடிந்தது. வலியில் கிடந்த ஜெயராணியின் விரல் பேனாவைப் பிடிக்கவில்லை. இரண்டு கையெழுத்தோடு வந்த விண்ணப்பத்தை டாக்டர் ஒரு கோப்பில் போட்டு, எண் கொடுத்து, 'நிலுவை' என்று எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் கை வைத்த முதல் கோப்பு அது.

பிள்ளையின் தலை அடுத்த ஆடியில் வந்தது, கால் ஐப்பசியில். தலை வந்த தேதியையே பிறந்த தேதியாகப் பதிந்தார்கள். பையன். கார்த்திகை முதல் வாரத்தில் அவன் அழ ஆரம்பித்தான். அந்த முதல் அழுகை இன்னும் முடியவில்லை. ஏறாமல் இறங்காமல் ஒரே கனத்த ஓசையாகக் குன்று முழுக்க நிற்கிறது. ஓட்டுநர்கள் மழைநாளில் அதை வைத்து வளைவைக் கண்டுகொள்கிறார்கள். டாக்டர் அப்போது 'தாய்மை' என்ற தலைப்பில் தொடர் உரை ஆற்றிக்கொண்டிருந்தார். பின்னால் ஒலிக்கும் சுருதி மிக இனிமையாக இருப்பதாக மெயின்லேண்டிலிருந்து பாராட்டு வந்தது. கேட்பவர்கள் பதினொரு பேராகக் கூடினார்கள். இப்போது அந்தச் சுருதியிலேயே அவர் கடவுள் வாழ்த்தையும் பாடிவிடுகிறார்.

அழுகிற பிள்ளையைத் தூக்க ஜெயராணியின் வலது கை தை மாதம் பாயிலிருந்து கிளம்பியது. இடையில் ஒன்றரைச் சாண். வைஜெயந்தி வாரம் ஒரு முறை வந்து பாயில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கிறாள். சித்திரைக் கடைசியில் போய்ச் சேரும் என்கிறாள். டாக்டர் பதினாறு எம்பிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். லயத்தில் இன்னும் ஆறு வீட்டுக் கம்பி தொங்குகிறது, காகிதமும் கையெழுத்தாகி லேமினேஷனுக்குப் போயிருக்கிறது. பதினாறு எம்பி வந்துவிட்டால் கை போய்ச் சேர ஆவணி ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.